பட்டத்துக்கு முன்னே ஒரு கேள்வி

(கிளிநொச்சியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டப்படிப்பின் நடுவிலேயே ஆய்வு செய்யப் பழகுவது பற்றியும், அதற்கென்று உலகில் இருக்கும் திட்டங்களுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். கொழும்பிலோ கண்டியிலோ இதைப் பேசினால் பாதிப் பேருக்கு முன்பே தெரிந்திருக்கும். இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. தகப்பன் வைத்தியராகவும் மாமன் விரிவுரையாளராகவும் இருக்கும் வீட்டில், கலாநிதிப் பட்டம் என்றால் என்ன, அதை எப்படிப் பெறுவது என்பதெல்லாம் பிள்ளையின் காதில் தானாகவே விழுந்துவிடும். கமமும் கடற்றொழிலும் கூலிவேலையும் செய்து பிள்ளையைக் கம்பசுக்கு அனுப்பிய வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. விஞ்ஞானத் துறைகளில் வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தை விலக்கி, மாதாமாதம் உதவித்தொகையும் தரும். அதற்குக் காணி விற்க வேண்டும் என்று நம்பி ஒதுங்கிக்கொண்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு எட்டாமற் போனது ஒரு தகவல். அதைச் சொல்ல இந்த மேடையை விட நல்ல இடம் இல்லை.

கிளிநொச்சியில் இந்தப் பேச்சை எடுப்பவர் யாராயினும் பேராசிரியர் அழகையா துரைராஜாவை நினைக்காமல் தொடங்க முடியாது. 1934இல் வடமராட்சியில் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் ஆய்வு செய்தார். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1963இல் ‘ஜியோடெக்னீக்’ என்ற இதழில் வெளிவந்தது. ஈரக் களிமண்ணை அழுத்தி நெரிக்கும்போது அது எந்தக் கட்டத்தில் தாங்கமாட்டாமல் இடங்கொடுக்கிறது, அப்போது உள்ளே சக்தி எப்படிச் செலவாகிறது என்பதுதான் அதன் பொருள். மண்பொறியியலில் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் ஒரு கோட்பாட்டின் அடிக்கற்களில் அந்தக் கட்டுரையும் ஒன்று. அதை எழுதும்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மழைக்காலத்தில் பரந்தன் வயலில் உழவு இயந்திரம் புதைந்து நிற்பதைப் பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி புதிதல்ல.

அவர் 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அவர் காலத்தில், 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. 1991இல் வவுனியாவில் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1997இல் அது வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் பம்பைமடுவில் தனிப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. விவசாய பீடம் போரில் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின் கிளிநொச்சியின் அறிவியல் நகருக்குத் திரும்பியது. பொறியியற் பீடமும் இங்கேயே அமைய வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் 1994இல் காலமானார்; பீடம் போருக்குப் பிறகுதான் வந்தது. ஆக, கிளிநொச்சியும் வவுனியாவும் அடங்கிய வன்னியில் உயர்கல்விக்குக் கட்டடம் எழுந்துவிட்டது. ஆய்வுகூடங்களும் கருவிகளும் ஓரளவுக்கு வந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பது என் கவலை.

அவர்கள் குறிப்பு எழுதுகிறார்கள். சிரேஷ்ட மாணவர்கள் விட்டுப்போன பழைய வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுக்கிறார்கள். மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு முடித்துக்கொள்பவர்களில் பலர் சொந்தமாக ஒரு கேள்வி கேட்டு, அதன் பின்னால் சில மாதங்கள் அலைந்த அனுபவம் இல்லாமலே வெளியே போகிறார்கள். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தில் ஆய்வேடு உண்டு. ஆனால் அது கடைசி ஆண்டில், பரீட்சைகளுக்கு நடுவில் வருகிறது. பல வேளைகளில் தலைப்பை மேற்பார்வையாளரே கொடுத்துவிடுகிறார். மாணவர் சில வாரங்களில் தரவு திரட்டி, இரவிரவாகத் தட்டச்சுச் செய்து, தங்க எழுத்துப் போட்டு பைண்ட் பண்ணிக் கொடுக்கிறார். விரிவுரையாளர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆள் பற்றாக்குறையிலும் தினமும் ஏ9 வீதியில் பஸ் ஏறி வந்து கற்பிக்கிறார்கள். அமைப்பே அப்படி இருக்கிறது. ஆய்வை ஒரு பிள்ளை முதன்முதலாகச் சந்திக்கும் நேரமும் அது பல்கலைக்கழகத்தை விட்டுப் போகும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. ஆய்வு தனக்கு ஒத்துவருமா வராதா என்று பார்க்கவே அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. பிறகு பட்டதாரி நியமனத்துக்கான காத்திருப்பு தொடங்குகிறது. 2017இல் வடக்கில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரம் பந்தல் போட்டு இருந்ததை இங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மற்ற இடங்களில் இதற்கு என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1969இல் மார்கரெட் மெக்விக்கர் என்ற பேராசிரியை ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். பட்டப்படிப்பு மாணவர் எவரும், முதலாம் ஆண்டிலிருந்தே, ஓர் ஆய்வுக்குழுவில் இளைய பங்காளியாகச் சேரலாம். அந்த வேலைக்குப் புள்ளியோ சம்பளமோ உண்டு. பின்னர் அந்த நாட்டு அரசே கோடைகாலத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ஒரு மாணவர் தன் பல்கலைக்கழகத்தை விட்டு வேறொன்றுக்குப் போய், எட்டுப் பத்து வாரம் தங்கி, ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து திரும்புவார்.

அவற்றுள் வன்னிக்கு மிக நெருக்கமாக எனக்குப் படுவது மெக்நெயர் திட்டம். ரொனால்ட் மெக்நெயர் தென் கரோலினாவில் ஒரு சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பிள்ளை. ஒன்பது வயதில் ஊர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்டான். கறுப்பருக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். புத்தகம் தராமல் போகமாட்டேன் என்று அவன் அங்கேயே இருந்துகொள்ள, நூலகர் பொலிசைக் கூப்பிட்டார். கடைசியில் புத்தகத்தோடுதான் வீடு திரும்பினான். வளர்ந்து எம்.ஐ.டி.யில் லேசர் பௌதிகத்தில் 1976இல் கலாநிதிப் பட்டம் பெற்று, விண்வெளி வீரரானார். 1986 ஜனவரி 28ஆம் திகதி சேலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது மாண்ட எழுவரில் அவரும் ஒருவர். அவர் பெயரில் அமெரிக்க அரசு தொடங்கிய திட்டம், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த வறிய மாணவர்களையும், கலாநிதிப் படிப்பில் அருகலாக இருக்கும் சமூகத்து மாணவர்களையும் பட்டப்படிப்பின் நடுவிலேயே தேடி எடுக்கிறது. ஒரு வழிகாட்டிப் பேராசிரியர், கோடையில் உதவித்தொகையோடு ஓர் ஆய்வு, விண்ணப்பம் எழுதப் பயிற்சி என்று கலாநிதிப் படிப்பின் வாசல் வரை கூட்டிச்செல்கிறது. பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அந்த ஆளாக நாங்கள் இருப்போம் என்பதே அதன் எண்ணம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பட்டியலில் உள்ளவை. அந்தப் பட்டியல் பிள்ளையை உள்ளே எடுப்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்த பிறகு கைபிடித்துக் கூட்டிப்போக இங்கே அப்படியொரு திட்டம் இல்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். எங்கள் பிள்ளைகளின் முதல் தயக்கம் ஒன்றுதான். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை ஒன்று, இரண்டாம் ஆண்டு மாணவி, வெறும் கடதாசியோடு என்னிடம் வந்தாள்.

“சேர், எனக்கு ஆய்வு அனுபவம் ஒண்டும் இல்லை. என்னத்தை எழுதுறது?”

“உங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்படிப் பிள்ளை?”

“கோடையில சவர் சேர். கேத்தில் அடியில வெள்ளையாப் படியும். குளம் வான் பாஞ்சாப் பிறகு குடிக்கலாம்.”

“ஏன் அப்படி?”

அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் கிணற்றைப் பற்றித் தெரியாது. ஆனால் அது நல்ல கேள்வி. முத்தையன்கட்டுக் குளத்திலிருந்து கசியும் நீர் கீழே உள்ள கிணறுகளை ஊட்டுகிறது என்பது பொதுவாகத் தெரிந்த செய்தி. எவ்வளவு தூரம் வரை ஊட்டுகிறது, எந்த மாதம் வரை, சிறுபோகத்துக்கு வாய்க்காலில் நீர் விடும்போது என்ன மாற்றம் என்பதெல்லாம் அளந்து பார்க்க வேண்டியவை. ஆய்வுகூடத்திலிருந்து நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சின்ன மானி ஒன்றை அனுமதியோடு வாங்கிக்கொண்டு போனாள். குளக்கட்டிலிருந்து தள்ளித் தள்ளி ஆறு கிணறுகளைத் தெரிந்தெடுத்து, வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு ஞாயிறும் அளந்தாள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டத்தையும் குறித்தாள். சி.ஆர். கொப்பி ஒன்றில் திகதி, கிணறு, ஆழம், அளவு, மழை பெய்ததா இல்லையா என்று ஐந்து நிரல்கள். மூன்றாம் கிணற்றில் ஒருநாள் அளவு திடீரென்று ஏறியிருந்தது. அந்த எண்ணை அவள் அழிக்கவில்லை. பக்கத்தில், ‘நேற்று முழுக்க மிளகாய்த் தோட்டத்துக்கு இறைத்தது’ என்று எழுதி வைத்திருந்தாள்.

பிறகு அவள் விண்ணப்பித்த ஆய்வுத் திட்டத்தின் நேர்முகத் தேர்வில் தேர்வாளர்கள் அதிக நேரம் கேட்டது அந்த ஓர் எண்ணைப் பற்றித்தான். ஏன் ஏறியது, ஏன் அதை நீக்கவில்லை, திரும்ப அளந்தாயா? அந்தப் பிள்ளை இப்போது முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு அதே கேள்வியின் தொடர்ச்சியை ஆராய்கிறாள்.

வன்னியில் இப்படிப்பட்ட கேள்விகள் மலிந்து கிடக்கின்றன. வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் முழுதாகத் துலங்காத சிறுநீரக நோய் இருக்கிறது. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கனகராயன் ஆற்று வெள்ளம் வந்து இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டபோது, கீழே எந்த ஊருக்கு எவ்வளவு நேரத்தில் நீர் வந்தது என்பது அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர்களிடம் போய்க் கேட்டு எழுத வேண்டும். நந்திக்கடலின் உவர்ப்பும் இறாலும், காலபோகத்தில் களையாக முளைக்கும் பன்றி நெல், யானை வேலியைத் தாண்டும் வழிகள், இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களின் காணி உறுதிகள் எல்லாம் கேள்விகளே. கலைப்பீட மாணவருக்கும் முகாமைத்துவ மாணவருக்கும் இதே அளவுக்கு வேலை உண்டு. பிறர் ஊரின் ஆய்வுத் தலைப்பை இறக்குமதி செய்ய எங்களுக்குத் தேவையே இல்லை.

எழுதும் முறையைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான விண்ணப்பங்களில் நோக்கக் கூற்று என்று இரண்டு பக்கம் கேட்பார்கள். சிறு வயது முதலே விஞ்ஞானத்தில் ஆர்வம் என்று தொடங்கும் கட்டுரைகள் தேர்வாளரின் மேசையில் நூற்றுக்கணக்கில் கிடக்கும். மூன்றாம் கிணற்றில் தொடங்குங்கள். எதைக் கவனித்தீர்கள், என்ன கேட்டீர்கள், எப்படி அளந்தீர்கள், எங்கே தடுக்கி நின்றீர்கள், அந்தத் தடையைத் தாண்ட அவர்களுடைய ஆய்வுகூடத்தில் எது உதவும் என்ற வரிசையில் எழுதுங்கள். முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் நீங்கள். ஆங்கிலத்தில் நேரே எழுதும்போது தெரிந்த வாக்கியங்களுக்குள் எண்ணம் சுருங்கிவிடுகிறது. வேறு யாரோ எழுதிய பெரிய சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கேள்வி தமிழில் தெளிந்துவிட்டால் எளிய ஆங்கிலமே போதும்.

போரைப் பற்றி எழுதுவதா என்று பிள்ளைகள் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். உங்களில் பலர் 2009இல் சிறு குழந்தைகள் அல்லது முதலாம் வகுப்புப் பிள்ளைகள். மெனிக் பாம் முகாமில் எழுத்துப் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் பெறுபேற்றையும் பள்ளிப் படிப்பையும் அது எப்படிப் பாதித்தது என்பதை நேராக, ஆண்டோடு, ஒரு பந்தியில் எழுதுங்கள். உங்கள் தாய் தகப்பன் பட்ட துயரத்தை இரண்டு பக்கமும் நிரப்பி அனுகூலம் கேட்கச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். துயரத்தை வாசித்து இரங்குகிறவர், இந்தப் பிள்ளை பத்து வாரம் ஒரு கேள்வியோடு நின்று பிடிக்குமா என்பதை அதிலிருந்து அறிய மாட்டார். உங்கள் வாழ்க்கை உங்களுடையது. எதைச் சொல்வது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையது.

பரிந்துரைக் கடிதம் கேட்பதைப் பலர் கடைசி வாரத்துக்கு விடுகிறார்கள். உங்களை வரவுப் பதிவேட்டில் மட்டும் அறிந்த விரிவுரையாளர் உங்கள் புள்ளியை மட்டும்தான் எழுத முடியும். அது பெறுபேற்றுத் தாளிலேயே இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலேயே ஒருவரிடம் போய், சேர், மிஸ், உங்கட ஆய்வில் கருவி கழுவிறதுக்காவது என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கோ என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பிய ஆசிரியரை நான் கண்டதில்லை. வெளிநாட்டுப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவதும் அப்படித்தான். ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைப் பற்றி ஐந்தாறு வரி எழுதினால் பல வேளைகளில் பதில் வரும்.

எங்கே விண்ணப்பிப்பது? தகைமை விதியை முதலில் படியுங்கள். நான் சொன்ன மெக்நெயர் திட்டமும் அமெரிக்க அரசின் கோடைத் திட்டங்களும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவாளருக்கும்தான். எங்கள் கடவுச்சீட்டுக்குத் திறக்காது. திறந்திருப்பவையும் உண்டு. ஜப்பானில் ஒகினாவா விஞ்ஞான தொழினுட்ப நிறுவகம் எந்த நாட்டுப் பட்டப்படிப்பு மாணவரையும் ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. பயணச் செலவும் தங்குமிடமும் அன்றாடப் படியும் தருகிறது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் கோடை மாணவர் திட்டத்தில் உறுப்பு நாடல்லாத நாட்டவர்க்கும் இடமுண்டு. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1964இல் அப்துஸ் சலாம் நிறுவிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிக மையம், வளர்முக நாட்டுப் பட்டதாரிகளுக்கென்றே முழு உதவியோடு ஓராண்டு டிப்ளோமா நடத்துகிறது. கலாநிதிப் படிப்புக்கு முன் கணிதத்திலும் பௌதிகத்திலும் அடித்தளம் போட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இவையெல்லாம் போட்டி மிக்கவை. முதல் முறை கிடைக்காது என்று எண்ணியே அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கு அதே வரைவைத் திருத்தி வைத்திருங்கள்.

இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவும் ஒரு பொன்னாடையும் நல்லவைதான். அவற்றோடு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் சிலரைத் தெரிந்தெடுத்து, நீண்ட விடுமுறையில் எட்டு வாரம் ஓர் ஆய்வுகூடத்தில் இருத்துங்கள். வெளிநாடு வேண்டாம். அறிவியல் நகரும் பம்பைமடுவும் பேராதனையும் போதும். கண்டியில் ஹந்தானை மலையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. பரந்தனில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிள்ளைக்கு வேண்டியது அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு. வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பவும் இருந்தால் விடுமுறையில் கடையில் நிற்கப் போகிற பிள்ளையும் வரும். மகாபொலப் புலமைப்பரிசில் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும் மாணவர்களை நான் அறிவேன். தெரிவு செய்யும்போது புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்க வேண்டாம். கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள். வெளிநாட்டு விண்ணப்பக் கட்டணமும் ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும் ஒரு குடும்பத்துக்குத் தாங்காத தொகை. அதற்கும் ஒரு சிறு நிதி ஒதுக்கினால் பெரிய உதவி.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்பிள்ளையை எட்டு வாரம் வெளியூரில் விட மனம் வராது என்று எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அந்த அச்சத்தை நான் தவறென்று சொல்லவில்லை. விடுதி எங்கே, பொறுப்பான ஆசிரியை யார், இரவில் ஆய்வுகூடத்திலிருந்து யாரோடு திரும்பும் என்று நேரில் போய்ப் பார்த்துக் கேளுங்கள். கேட்கும் பெற்றோரை மதிக்காத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். சரியான பதில் கிடைத்தால் அனுப்புங்கள்.

மாணவர்களே, நாளை சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் இதே மண்டபத்தின் பின்னறையில் இருப்பேன். வரைவு இருந்தால் கொண்டு வாருங்கள். தமிழில் இருந்தாலும் சரி, அரைப் பக்கமாய் இருந்தாலும் சரி. வரைவு இல்லாதவர்கள் உங்கள் ஊரைப் பற்றி ஒரு கேள்வியோடு வாருங்கள், இருந்து எழுதுவோம்.